ஆபீசர் வருகிறார் என்று தெருவைக் கழுவினேன்

நாலு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாசம் நடந்தது இது. முதுகுளத்தூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். மிளகாய், மானாவாரியாகக் கொஞ்சம் நெல், ஆடு, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. தப்புச் செய்த அரசாங்க ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் பக்கம்தான். அப்படிப்பட்ட ஊருக்குள் வெள்ளம் புகுந்தது என்று சொன்னால் வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவி. பேங்கில் பேசுவது, பஞ்சாயத்தில் பேசுவது, ரேஷன் கடையில் சண்டை போடுவது எல்லாம் நான்தான். யாராவது ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தால் மீதியை நான் முடித்துவைப்பேன். "உங்க வாய்க்கு லீவே கெடையாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் இல்லை. வாங்க போங்க என்று மரியாதை கொடுத்துக் கேட்டால் அது கிண்டல் என்று அர்த்தம். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். நான் பேசாவிட்டால் இந்தத் தெருவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று மனசார நம்பியிருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை மதினி என்பாள், என் வீட்டுக்காரரை அண்ணன் என்பாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், பணம் மட்டும் எப்போதாவது வரும். இவளும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான் வீட்டில். விடிகாலையில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி, பணியாரம் போட்டு விற்பாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சமையலறைதான் கடை. அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைப்பாள். எனக்குப் பொறுமை இருக்காது. "அட, சொல்லித் தொலை தாயி" என்பேன். சொல்லி முடிப்பதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

அந்தக் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. நாலாம் நாள் மத்தியானம் கண்மாய்க் கரை உடைந்து தண்ணீர் நேராகத் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெரு பள்ளம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். கையில் கிடைத்த ஆடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். மூன்று நாள் அங்கேதான் சோறு, தூக்கம் எல்லாம்.

தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால், அம்மாடி, வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. சேறு. செத்த தவளை. நாற்றம். எங்கள் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் எப்படியோ நின்றுவிட்டன. பக்கத்து வீட்டில்தான் சமையலறையின் பின்சுவர் முழுசாக விழுந்து கிடந்தது. மண்சுவர், ஊறி, அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டது. அடுப்பு, மாவுச் சட்டி, இட்லிக் கொப்பரை எல்லாம் அதற்குள். அவள் அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தாயி கலங்குற? கவர்மெண்டு குடுக்கும். நான் பேசுறேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தலையாரி சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து வெள்ளச் சேதக் கணக்கெடுக்க வருகிறார்களாம். நாளை மறுநாள் காலை. வீடு இடிந்தவர்களுக்கு அரசாங்க நிவாரணம் உண்டு. சேதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதைக் காட்டிச் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் கூட்டுறவு சங்கத்தில் கடனுக்கும் மனுப் போடலாம் என்றார். அவளுக்கு இரண்டுமே பொருந்தும். சுவரும் எழும்பும், கடையும் எழும்பும்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஆபீசர் ஒருவர் ஊருக்குள் வருகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. தெருவைக் கூட்ட வேண்டும், பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், வாசலில் கோலம், உட்கார நாற்காலி, குடிக்கக் கலர். அதற்கு முந்தின வருஷம் எங்கள் குழுவைப் பார்வையிட வந்த அதிகாரி, 'ஊர்னா இப்படி இருக்கணும்' என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாராட்டு என் மண்டைக்குள் குடக்கூலி இல்லாமல் குடியிருந்தது. இவ்வளவு சேறும் நாற்றமுமாகக் கிடக்கும் தெருவுக்குள் ஆபீசர் வந்தால் என் மானம் என்ன ஆவது?

இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெள்ளச் சேதத்தைப் பார்க்க வருகிறவர்கள் வெள்ளச் சேதத்தைத்தானே பார்க்க வேண்டும்! அது அன்று என் மூளைக்கு எட்டவே இல்லை. விருந்தாளி வருகிறார், வீடு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

குழுப் பெண்கள் எல்லோரையும் திரட்டினேன். டிராக்டரில் தண்ணீர் டேங்க் வரவழைத்தேன். ஒன்றரை நாள் தெருவே கழுவியது. கறை படிந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற கோடு ஒரு வீட்டிலும் தெரியாதபடி அடித்தோம். அதையும் நான்தான் மேற்பார்வை பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்குப் போனபோது அவள் மண்மேட்டை அப்படியே போட்டு வைத்திருந்தாள்.

"என்ன இது, இன்னும் அள்ளாம கெடக்கு?"

"இல்ல மதினி... வாரவுக பாக்கட்டும்னு..." என்று இழுத்தாள்.

"எதைப் பாக்கட்டும்? நாத்தத்தையா? மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலோட திரும்பிப் போயிடுவாக. நீ சும்மா இரு. வாயால சொன்னாப் போதாதா? நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் கூடையை எடுத்து வந்தாள். விழுந்த சுவரை நாங்களே கூடை கூடையாக அள்ளி, தெரு முனையில் வெள்ளம் பறித்துப்போட்ட பள்ளத்தில் கொட்டி மிதித்துவிட்டோம். சுவர் இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டினார். வெறும் தட்டி அசிங்கமாக இருக்கிறதே என்று நான் அதன்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் பார்த்தால், காலங்காலமாக அங்கே தட்டிதான் இருந்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு அம்சம்.

கணக்கெடுக்க மூன்று பேர் வந்தார்கள். வி.ஏ.ஓ., தலையாரி, அவர்களோடு வருவாய் ஆய்வாளர் ஒருவர். சின்ன வயசுப் பெண், வெயிலில் கறுத்துப்போய், காலையிலிருந்து எத்தனை ஊர் நடந்தாரோ, செருப்பெல்லாம் சேறு. எங்கள் தெருவுக்குள் வந்ததும் நின்று பார்த்தார். "பரவாயில்லையே, ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்தார்கள். அந்த ஆய்வாளர் அம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "உங்க வீட்ல என்ன சேதம்மா?"

அவள் தட்டியைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி, "இங்கன..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். நான் புகுந்துவிட்டேன். "இங்கன கொஞ்சம் பழுதாயிருந்துச்சு மேடம். எங்க குழுவே சேந்து சரி பண்ணிட்டோம். யாரையும் எதிர்பாக்குறதில்ல. எங்க ஊருல எதுனாலும் நாங்களே பாத்துக்கிருவோம்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் குழு எத்தனை வருஷமாக நடக்கிறது, எத்தனை பேர் இருக்கிறோம், எல்லாம் சொன்னேன். ஆய்வாளர் அம்மா போனை எடுத்துப் படம் பிடித்தார். எதையோ தட்டி எழுதிக்கொண்டார். கலர் குடிக்காமலே நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அடுத்த தெருக்காரர்கள் ஒரு கைப்பிடி சேற்றைக்கூட அள்ளவில்லை. "சோம்பேறிங்க, ஆபீசர் முன்னாடி ஊர் மானத்தை வாங்குறாக" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் போல இருக்கும். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அடுத்த தெருவில் ஐந்து வீட்டின் பெயர் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெயரும் இல்லை. அவள் மகள்தான் போய் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்துவிட்டு வந்து சொன்னது. பிள்ளை தப்பாகப் படித்திருக்கும் என்று நானும் போய்ப் பார்த்தேன். இல்லை.

எனக்குச் சாமி வந்துவிட்டது. "சொவரே இல்லாத வீட்டுக்குச் சேதம் இல்லையா? கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டுக் கணக்கெடுத்தாகளா?" என்று தெருவில் நின்று கத்தினேன். மறுநாளே தனியாகப் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, பேசப்போவது நான்தானே.

அங்கே ஒரு மேசையில் வயதான கிளார்க் ஒருவர் இருந்தார். நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நிறுத்தவே இல்லை. நான் மூச்சு வாங்க நின்றபோது, "ஊரு, தெரு, பேரு சொல்லுங்கம்மா" என்றார். கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு திரையை என் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

"இந்த வீடு தானேம்மா?"

அந்த வீடுதான். பூசி மெழுகிய தட்டி, தரையில் கோலம், நடுவில் நான். பட்டுச் சேலை கட்டாத குறை. தட்டியில் பாதியை மறைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரி எனக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிறாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் கிளார்க் வாசித்துக் காட்டினார். "சிறு பழுது. குழு மூலம் சரிசெய்யப்பட்டது. தகவல்: குழுத் தலைவி."

அவர் என்னையும் படத்தையும் ஒரு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார், அவ்வளவுதான். ஆட்சேபம் இருந்தால் வீட்டுக்குச் சொந்தக்காரரே மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம் என்று வழியும் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் போனது, ஏறத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இறங்கினால் அவள் நிறுத்தத்திலேயே காத்துக்கொண்டு நிற்கிறாள். "என்ன மதினி சொன்னாக?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "பாக்குறோம்னு சொல்லியிருக்காக. ஆபீஸ் வேலை, மெதுவாத்தான் நடக்கும்" என்றேன். அவள் தலையாட்டினாள். "நீங்க பேசினீகன்னா நடந்துரும் மதினி" என்றாள்.

பத்து நாள் அந்தப் பொய்யோடு திரிந்தேன். அவள் வீட்டுப் பக்கம் போகாமல் கொல்லை வழியாகப் போய்வந்தேன். வீட்டில் பேச்சு குறைந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவரிடமும் சொல்லவில்லை. இதற்கிடையில் அவள் எங்கிருந்தோ பழைய கொப்பரை ஒன்றை வாங்கி, மறுபடி இட்லிக் கடையைத் தொடங்கியிருந்தாள். தட்டி வழியாக ஊதக்காற்று நேராக அடுப்புக்கு வரும். விறகு எரியாது, இட்லி வேகாது. நேரம் ஆக ஆக, காட்டுக்குப் போகிறவர்கள் ரோட்டு முக்கில் இருக்கும் டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். மிச்சமான இட்லியைத் தாயும் மகளும் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள்.

மார்கழி நடுவில் ஒரு நாள் காலை மறுபடி மழை, காற்றோடு. ஏதோ சரிகிற சத்தமும் அந்தப் பிள்ளை கத்துகிற சத்தமும் கேட்டு ஓடினேன். நான் பார்த்துப் பார்த்துப் பூசிய தட்டி, நனைந்த கனத்தோடு அப்படியே அடுப்பு மேல் சாய்ந்து கிடந்தது. மாவுச் சட்டி சாய்ந்து, கொப்பரை கவிழ்ந்து கொதி தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பிள்ளை நல்லவேளையாக இரண்டடி தள்ளி நின்றிருந்தது. பாதத்தில் மட்டும் லேசாகத் தெறித்திருந்தது. அவள் பிள்ளையின் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மாவு ஒரு நாள் பிழைப்பு; அது மழைத் தண்ணீரோடு வெள்ளையாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை இன்னும் ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தால்! நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாலுகா ஆபீசில் பார்த்த படம், அதற்குக் கீழே எழுதியிருந்தது, நான் சொன்ன பொய், எல்லாம். "ஒன் வீட்டுப் பேரை அடிச்சது ஆபீசர் இல்லடி. நான்தான்" என்று அழுதேன்.

அவள் பிள்ளையின் காலைத் துடைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. அந்தம்மா எழுதயில எட்டிப் பாத்தேன்" என்றாள்.

நான் அதிர்ந்துபோய், "அப்பறம் ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். பழக்கம் விடுமா?

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீகளே மதினி" என்றாள்.

அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் மட்டும் இல்லை, இந்தத் தெருவில் யார் என்னிடம் நடுவில் பேசியிருக்கிறார்கள்? எனக்கு ஒரு ஆள் முகமும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் ராமநாதபுரம் பஸ் ஏறினோம். மனுவை அவள் மகள் எழுதினாள். அவள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது. நான் சொல்லித் தரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சுவரை அள்ளச் சொன்னதும், சரியாகிவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் என்று எழுதச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். நான் கையெழுத்துப் போட்டுத் தனியாக ஒரு தாளில் எழுதி மனுவோடு வைத்தேன்.

கலெக்டர் ஆபீசில் நல்ல கூட்டம். உப்பூர்ப் பக்கம், கடலோர ஊர்ப் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. எங்கள் முறை வந்தபோது மனு வாங்கும் அதிகாரி, "என்னம்மா, சுருக்கமாச் சொல்லுங்க" என்றார்.

அவள் ஆரம்பித்தாள். எங்கிருந்து ஆரம்பித்தாள் என்கிறீர்கள்? மழை பெய்த முதல் நாள் உளுந்து ஊறப்போட்டதிலிருந்து! ஒவ்வொரு வார்த்தையாக. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம். அதிகாரி மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் நாக்கு உள்ளே கிடந்து தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். 'சுவர் விழுந்துடுச்சு சார், பட்டியல்ல பேர் இல்ல சார்', ஒரே வரி. முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா எனக்குப் பல்வலி என்று நினைத்து, கிராம்பு வேண்டுமா என்று கேட்டார்.

"செவுரு விழுந்த மண்ண அள்ளிட்டோம் சார். வாரவுகளுக்கு மரியாதையா இருக்கணும்னு அள்ளிட்டோம்" என்று அவள் வந்து சேர்ந்தாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "கணக்கெடுக்க வர்றதுக்கு முன்னாடியேவா? யாரும்மா அள்ளச் சொன்னது?"

நான் முன்னால் ஒரு எட்டு வைத்தேன், ஒப்புக்கொள்வதற்கு. அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "எல்லாருஞ் சேந்துதான் சார் அள்ளுனோம்" என்றாள். "செவுத்தோட அடி மட்டும் அங்கனயே இருக்கு. ஒரு தடவ வந்து பாத்தீகன்னாத் தெரியும். தட்டி இப்ப இல்ல சார், விழுந்துருச்சு. எம்மக கால்ல சுடுதண்ணி பட்டுருச்சு. எனக்கு ஒரு செவுரு வேணும் சார்."

அதிகாரி மனுவையும் என் தாளையும் படித்தார். மனுவின் மேல் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மறுபடி பார்க்கச் சொல்றேன்மா" என்றார். பிறகு என்னைக் கேட்டார், "நீங்க யாரும்மா?"

"பக்கத்து வீடு சார்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. நான் அவள் வாயை அடைத்தேன், அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுபடி பார்க்க ஒருவர் பைக்கில் வந்தபோது நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்க்காமல் மட்டும் இருக்க முடியவில்லை. அவள் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கரைந்து நின்ற சுவரின் அடியைக் காட்டினாள். அவர் டேப் பிடித்து அளந்தார். அவள் தன் போக்கில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் காத்திருந்து எழுதிக்கொண்டார். "என்ன, ஆள் உள்ள இருக்கீகளா?" என்று என் வீட்டுக்காரர் என் காதருகே வந்து கேட்டார். நான் பதில் சொல்லாததைப் பார்த்து அவரும் பேசாமல் என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பொங்கல் முடிந்து பணம் அவள் கணக்குக்கு வந்தது. ஒரு சுவர் முழுசாக எழுப்ப அது போதவில்லை. மீதிக்குக் கூட்டுறவு சங்கத்தில் அவளே மனு எழுதிக் கொடுத்துச் சின்னக் கடன் வாங்கினாள். சிமெண்டுக் கல் வைத்துச் சுவர் எழும்பியது. அடுப்புக்குக் காற்று நின்றது. டீக்கடைக்குப் போன கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மீதிப்பேரை நான் போய்க் கூட்டிவரவில்லை. கை துறுதுறுத்தது, ஆனாலும் போகவில்லை.

அதற்கடுத்த குழுக் கூட்டத்தில், தலைவி பொறுப்பு வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் போனேன். அதைச் சொல்வதற்கு முன்னால், "வெள்ளத்துல யாருக்கு என்ன கொறை இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒருவரும் பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், எங்கள் குழு தொடங்கிய நாளிலிருந்து 'ஆமா மதினி' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெள்ளத்துல என்னோட நாலு ஆடு போயிருச்சு" என்றாள். ஆடு செத்தால் மாட்டு டாக்டர் பார்த்து எழுதித் தந்தால்தான் நிவாரணம். இவள் ஆடுகளையோ, ஆபீசர் வருவதற்குள் தெரு சுத்தமாக வேண்டும் என்று நான் விரட்டிய அன்றைக்கே, யாரிடமும் சொல்லாமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டிருக்கிறாள். அதற்கு இனி ஒரு மனுவும் போட முடியாது. ஏழு வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். இன்னும் யார் யார் எதை எதைப் புதைத்துவிட்டு என் முன்னால் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ என்று நினைக்கும்போதெல்லாம், பேச எடுத்த வார்த்தையை இன்றைக்கும் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.